பன்னெண்டாம் நம்பர் குழி

சார், ஒரு உதவி. அந்த ஜன்னலோரத்தை எனக்கு ஒரு அரை மணி நேரம் குடுப்பீங்களா? மேலச்சுரைப்பட்டி தாண்டுற வரைக்கும் போதும். அப்புறம் மதுரை வரைக்கும் நீங்களே உக்காந்துக்கிடுங்க. ரொம்ப நன்றி சார். இல்ல இல்ல, பையை மேல வைக்க வேண்டாம். என் காலடியிலேயே கிடக்கட்டும். கனமெல்லாம் இல்ல, உள்ள ஒத்தைச் சாமான்தான்.

காத்துக்குக் கேக்கேன்னு நினைக்காதீங்க. வெளிய ஒண்ணு பாக்கணும். இந்தா, லைனை ஒட்டி வரிசையாக் கம்பம் நிக்குதுல்லா, மேல கரண்டு கம்பியைத் தாங்கிக்கிட்டு? இந்தப் பக்கம் நூத்தி முப்பத்தாறு கம்பத்துக்கு அஸ்திவாரம் போட்டது நான்தான். சூப்பர்வைசர் சீனிராஜ்னு கேட்டா இந்த லைன்ல எல்லாருக்கும் தெரியும். தெரியும்னா, முன்னால நல்லாத் தெரியும். இப்பத் தெரியாத மாதிரி போறாங்க.

டீசல் வண்டி போயி கரண்டு வண்டி வந்திருச்சுன்னு எல்லாரும் மேல பாக்காங்க. கம்பியைப் பாக்காங்க, இஞ்சினைப் பாக்காங்க, மாலை போடுதாங்க. அடியில என்ன இருக்குன்னு எவன் பாக்கான்? கம்பி இழுக்கிறது பெரிய வேலையே இல்ல சார். கம்பத்தை இந்த மண்ணுல நிக்க வைக்கிறதுதான் வேலை. இது கரிசல். கோடையில வெடிச்சுக் கிடக்கும், மழை பெஞ்சா ஊதி எந்திரிக்கும். வருசத்துக்கு ரெண்டு தடவை மூச்சு விடுத மண்ணு. அது மேல ஒரு கம்பத்தை நட்டா, ஒரு மழைக்கு இப்படிச் சாயும், ஒரு வெயிலுக்கு அப்படிச் சாயும். கம்பம் ஒரு விரக்கடை சாஞ்சா மேல கம்பி ஒரு முழம் விலகிரும். அதனால ஊதாத மண்ணு கிடைக்கிற மட்டும் தோண்டணும். செம்மண்ணுன்னா ஆறடி போதும். இங்க பத்தடி. பத்தடி ஆழம், நாலடி அகலம், தண்டவாளத்துக்குப் பக்கத்துலயே. ஆள் உள்ள இறங்கினா மேல இருந்து தலை மட்டும்தான் தெரியும், அதுவும் அவன் அண்ணாந்து பாத்தா.

எனக்கு இந்த மண்ணு புதுசு இல்ல. நான் கரிசக்காட்டுக்காரன். எங்க அப்பாவோட பதினோரு வயசுல ஏர் பிடிச்சவன். ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடிச்சு, இடுப்பு உயரத்துல இருந்து கீழ போட்டுப் பாப்போம். உருண்டை அப்படியே நின்னா ஈரம் இருக்கு, விதைக்கலாம். உதிர்ந்து போச்சுன்னா ஈரம் இல்ல. அவ்வளவுதான் கணக்கு. குழிக்கும் அதே கணக்கை வச்சேன், தலைகீழா. உருண்டை உதிர்ந்தா மண்ணு காஞ்சிருக்கு, சுவர் நிக்கும், ஆளை இறக்கலாம். காஞ்ச கரிசல் கல்லு மாதிரி நிக்கும் சார். எங்க ஊர்க் கிணத்தை வந்து பாருங்க, ஒரு செங்கல் கிடையாது.

இதை அந்தப் பெனிட்டா மேடம் ஒத்துக்கிடவே இல்ல.

பெனிட்டா யாருன்னா, எங்க கம்பெனி இஞ்சினியர். தூத்துக்குடிப் பிள்ளை. மண்ணு படிப்புன்னே தனியா ஒரு படிப்பு இருக்காம்ல, அது படிச்சிட்டு வந்துச்சு. வயசு இருபத்தாறுதான். வந்த முதல் நாளே நான் உருண்டையைப் போட்டுக் காட்டுனேன். சிரிக்கல, அதைச் சொல்லணும். நல்லாக் கவனிச்சுப் பாத்துச்சு. அப்புறம் சொல்லுது, "அண்ணாச்சி, இது விதைக்கிறதுக்குச் சரி. விதை ஒரு சாண் ஆழத்துல கிடக்கும். நம்ம ஆளு பத்தடிக்குக் கீழ நிக்கான். மேல காஞ்சிருக்கும், வெடிப்பு வழியாப் போன தண்ணி கீழ நிக்கும். அஞ்சடிக்குக் கீழ போனா நாலு பக்கமும் பலகை வச்சு, குறுக்குக் கட்டை கொடுத்துத்தான் ஆள் இறங்கணும். மழை பெஞ்சா ரெண்டு நாளைக்குக் குழிப்பக்கமே போகக்கூடாது."

எப்படி இருக்கு பாருங்க. என் மண்ணைப் பத்தி எனக்கே பாடம். நான் சரிங்க மேடம்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். பலகையும் வந்து இறங்குச்சு. நல்ல கனத்த பலகை, பதினாறு. ஒரு குழிக்குப் பலகை அடிச்சு முடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆகும் சார். எங்களுக்கு வேலை செய்யக் கிடைக்கிறதே ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரம் லைன்ல வண்டி எதையும் விட மாட்டாங்க, அதுக்குப் பிளாக்னு பேரு. அதுக்குள்ள காங்கிரீட் ஏத்துன வண்டி தண்டவாளத்துலயே வந்து நிக்கும், குழியை ரொப்பிட்டுப் போயிரணும். குழி ரெடி இல்லன்னா காங்கிரீட் இறுகிப் போவும், பிளாக் போச்சு, அடுத்த பிளாக்குக்குப் பத்து நாள் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். மேல இருக்கவன் போன்ல என்ன பேச்சுப் பேசுவான்னு நினைக்கீங்க? அந்தப் பேச்சைக் கேட்டது நான். மேடம் இல்ல.

டீ குடிக்கீங்களா சார்? வேண்டாமா? எனக்கு ஒண்ணு குடுப்பா. சீனி கம்மியா.

எங்க விட்டேன்? ஆங், மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பத்தி இன்னும் சொல்லல.

எனக்கு ஒரே தங்கச்சி, ராமுத்தாய். அவ வீட்டுக்காரர் எத்திராஜ். மானாவாரி நிலம் ரெண்டு வருசம் கைவிட்டிருச்சு. தங்கச்சி வந்து, "அண்ணே, உங்க கூடவே அவரையும் கூட்டிட்டுப் போங்க, நீங்க இருக்கீங்கன்னா எனக்குப் பயம் இல்ல"ன்னா. கூட்டிட்டுப் போனேன். நல்ல உழைப்பாளி. வாயே திறக்க மாட்டார். "மச்சான் சொன்னாச் சரி." அவ்வளவுதான் அவர் பேச்சு. என்ன சொன்னாலும் மச்சான் சொன்னாச் சரி.

ஒரு நாள் கால்ல ஜல்லி குத்திச் சீழ் வச்சிருச்சு. செருப்போட குழியில நிக்கிறாரு. கம்பெனியில சூப்பர்வைசருக்கு மட்டும்தான் பூட்சு குடுப்பாங்க, முன்னால இரும்பு வச்ச கறுப்புப் பூட்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? என் பூட்சைக் கழட்டி அவர்ட்ட குடுத்தேன். எந்த மச்சான் சார் குடுப்பான்? அவருக்கு ஒரு அளவு பெருசு. முன்னால துணியை அடைச்சுப் போட்டுக்கிட்டாரு. அன்னைக்குத் தங்கச்சிட்ட போன்ல எவ்வளவு சந்தோசமாச் சொன்னாராம்.

அதுல ஒரு வழக்கம் உண்டு, அதையும் சொல்லிருதேன். குழி தோண்டி முடிச்சதும் ஆளெல்லாம் மேல ஏறிரணும். கடைசியாச் சூப்பர்வைசர் மட்டும் இறங்கி, அடியை மிதிச்சுச் சமன் பண்ணி, டேப்பு பிடிச்சு ஆழம் சொல்லணும். பூட்சு போட்டவன் கடைசியா இறங்கணும்னு பசங்க வேடிக்கையாச் சொல்லுவாங்க. பூட்சு அவர் காலுக்குப் போனதுல இருந்து அந்த வேலையும் அவரே பாக்க ஆரம்பிச்சிட்டாரு. நான் சொல்லல சார். நான் மேல நின்னு, "மாப்ளே, டேப்பு"ன்னு தூக்கிப் போடுவேன், அவர் இறங்குவாரு. பழகிப் போச்சு. எனக்கும் முட்டி வலி வேற.

இப்ப அந்தப் பதிவு நோட்டு விசயம். குழியைப் பாத்து, பலகையைப் பாத்து, சரின்னு இஞ்சினியர் தினமும் ஒரு பக்கத்துல கையெழுத்துப் போடணும். மேடத்துக்கு மூணு இடத்துல வேலை. நாப்பது கிலோமீட்டர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஸ்கூட்டியில அலைஞ்சுக்கிட்டுக் கிடந்துச்சு. நான்தான் சொன்னேன், "எதுக்கு மேடம் இந்த அலைச்சல், சனிக்கிழமையே ஆறு பக்கத்துல கையெழுத்தைப் போட்டுக் குடுத்திருங்க, நாங்க நிரப்பிக்கிடுதோம். எல்லா இடத்துலயும் அப்படித்தான்." முதல்ல மாட்டேன்னுச்சு. "என்ன மேடம், அண்ணாச்சின்னு கூப்பிடுதீங்க, அண்ணாச்சி மேல நம்பிக்கை இல்லையா?"ன்னேன். போட்டுக் குடுத்துச்சு. படிச்ச பிள்ளை வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடலாமா சார்? நீங்களே சொல்லுங்க. தப்பு யார் மேல?

சித்திரை மாசம். இருநூத்திப் பதினாலாவது கிலோமீட்டர், பன்னெண்டாம் நம்பர் குழி. ஏழெட்டடி ஏற்கெனவே தோண்டிப் போட்டிருந்தோம், மீதியைக் காலையில தோண்டி, பத்து நாப்பது பிளாக்குல ரொப்பணும். முந்தின நாள் சாயங்காலம் ஒரு மழை. கோடை மழை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், திடீர்னு வரும், போயிரும். காலையில எட்டு மணிக்கு மேடம் போன் பண்ணுச்சு. "அண்ணாச்சி, அங்க நேத்து மழையா?" "நாலு தூத்தல் மேடம், தூசி கூட அடங்கல"ன்னேன். "பலகை வச்சாச்சா?" "ஆச்சு மேடம்"னேன். வேற என்ன சொல்லச் சொல்லுதீங்க? மழைன்னு சொன்னாப் பிளாக்கை ரத்து பண்ணிரும்.

பலகை எங்க இருந்துச்சுன்னு கேக்கீங்களா? எங்க சமையல் கொட்டகையில இருந்துச்சு. ராத்திரி கொட்டகைக்குள்ள தண்ணி புகுந்து கரண்டைக் கால் அளவு நின்னுக்கிட்டிருந்துச்சு, அரிசி மூட்டையெல்லாம் நனைஞ்சு போகும்லா, அதனால பதினாறு பலகையையும் அடியில போட்டு மூட்டையை மேல ஏத்தி வச்சிருந்தோம். இருபத்திரெண்டு பேர் சாப்பிடணும் சார். சோத்தையும் பாக்கணும்ல.

பத்து மணிக்கு நல்ல வெயில். நானே குழி விளிம்புல ஒரு பிடி மண்ணை அள்ளினேன். உருண்டை பிடிச்சேன். போட்டேன். பொலபொலன்னு உதிர்ந்துச்சு. அத்தனை பேரும் பாத்தாங்க. என் சத்தியமா உதிர்ந்துச்சு. பசங்க இறங்கித் தோண்டி முடிச்சு ஏறிட்டாங்க. ஒருத்தன் மட்டும், "அண்ணே, கீழ சுவரு பிசுபிசுன்னு இருக்குண்ணே"ன்னான். வேலைக்கள்ளன் அவன், எப்பவும் ஒரு சாக்கு சொல்லுவான். காங்கிரீட் வண்டி தூரத்துல ஊதுறது கேட்டுச்சு. "மாப்ளே, டேப்பு"ன்னேன்.

அவர் குழியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அன்னைக்கு ஒரே ஒரு நாள் கேட்டாரு சார். "மச்சான், பலகை வைக்கலையே?"

"நான் மண்ணைப் பாத்துட்டேன்ல?"ன்னேன்.

"மச்சான் சொன்னாச் சரி"ன்னு இறங்கிட்டாரு.

கீழ நின்னு டேப்பு பிடிச்சு, "ஒம்பது முக்கால்"னு கத்துனாரு. அவ்வளவுதான். சத்தமே இல்ல சார். இடிஞ்சா சத்தம் கேக்கும்னு நினைப்போம்லா? கேக்கல. வயக்காட்டுப் பக்கத்துச் சுவரு ஒரு தோசையைத் திருப்பிப் போடுத மாதிரி அப்படியே மடிஞ்சு விழுந்துச்சு. உள்ள பூராவும் ஈரம். மேல உதிர்ந்த மண்ணுக்கு ரெண்டடிக்குக் கீழ வெண்ணெய் மாதிரி மண்ணு. டேப்போட ஒரு முனை என் கையில இருந்துச்சு. மறுமுனை கீழ. நான் இழுக்கேன், வரமாட்டேங்குது.

ஐம்பது நிமிசம் தோண்டுனோம். மம்பட்டி போடப் பயம், அவர் மேல பட்டிருமோன்னு. கையால தோண்டுனோம். காங்கிரீட் வண்டி வந்து நின்னு, டிரம்மு சுத்திக்கிட்டே இருக்கு. கரிசல் ஈரமாயிட்டா எதையும் விடாது சார். இடுப்பைக் கட்டி ஆறு பேர் இழுத்தோம். வந்தாரு. இடது கால் பூட்சு மட்டும் வரல. பெருசாப் போச்சுல்லா, கால் அதுல இருந்து உருவிக்கிட்டு வந்திருச்சு.

உசுரு அதுக்கு முன்னாலயே போயிருச்சு.

இருங்க சார், இருங்க, ஸ்டேசன் தாண்டிருச்சு. பேசாதீங்க. ஒம்பது, பத்து, பதினொண்ணு. அந்தா! பாத்தீங்களா? பாத்தீங்கள்ல? நூல் பிடிச்ச மாதிரி நிக்குதுல்லா? ஐப்பசி மழைக்கு அப்புறம் இந்த வரிசையில ஒம்பது கம்பம் சாஞ்சு, ஆளை வச்சு நிமுத்துனாங்க. இது அசையவே இல்ல. சுவரு விழுந்ததுல குழி ரெண்டு மடங்கு அகலமாப் போச்சு, ரெண்டு மடங்கு காங்கிரீட் குடிச்சுச்சு. அடுத்த பிளாக்குல நான்தான் நின்னு ரொப்புனேன். பூட்சு உள்ளேயேதான் இருக்கு. தேடச் சொன்னேன், நேரமில்லன்னுட்டாங்க. நான்தான் சொன்னேன்னு வைங்களேன், நேரமில்லன்னு. யாராவது ஒருத்தர் சொல்லணும்லா.

இந்தாங்க சார், உங்க இடம். உக்காருங்க. ஆச்சு, பாத்தாச்சு.

எங்க போறேன்னு கேக்கலையே? மதுரைக்கு விசாரணைக்கு. பதினோரு மணிக்கு ஆபீசர் வரச் சொல்லியிருக்காரு. நோட்டைக் காட்டி, இது நீங்க எழுதினதான்னு கேப்பாங்க. அன்னைக்கு மத்தியானமே அந்தப் பக்கத்தை நிரப்பிட்டேன். என்ன எழுதினேன்? "பலகை வைக்கப்பட்டது. தொழிலாளி எத்திராஜ் தன்னிச்சையாகப் பலகையை அகற்றிவிட்டு இறங்கினார்." அடியில மேடம் கையெழுத்து, சனிக்கிழமை போட்டது. மேல இருந்து போன்ல சொன்னாங்க, இப்படி எழுது, இருபத்திரெண்டு பேர் வேலையும் தப்பிக்கும்னு. செத்தவருக்கு இனிமே என்ன வந்திரப் போவுது? நாம சாப்பிட்டாகணும்ல.

மேடத்துக்கு வேலை போயிருச்சு. வராமலே எப்படிக் கையெழுத்துப் போட்டீங்கன்னு கேட்டிருக்காங்க. அது என்னைக் காட்டிக் குடுக்கும்னு பயந்துக்கிட்டே இருந்தேன். "நான் வெத்துப் பக்கத்துல கையெழுத்துப் போட்டது என் தப்பு"ன்னு மட்டும் எழுதிக் குடுத்திருக்கு. அதுக்கு மேல ஒரு வார்த்தை கூட என்னைப் பத்தி எழுதல. ஏன் எழுதலன்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது சார். எழுதியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லலாம்.

தங்கச்சி எட்டு மாசமாப் பேசல. எனக்குச் செய்யுத நியாயமா இது? வேலை வாங்கிக் குடுத்தவன் நான். பூட்சைக் கழட்டிக் குடுத்தவன் நான். தோண்டி எடுத்தவன் நான், இந்தா பாருங்க, ரெண்டு நகம் இன்னும் முளைக்கல. நேத்துச் சாயங்காலம் வந்தா. வாசல்லயே நின்னா. உள்ள வான்னேன், வரல. ஆஸ்பத்திரியில குடுத்த பையை அப்படியே நீட்டுனா. இந்தா, கீழ கிடக்குல்லா, இந்தப் பைதான். உள்ள அந்த வலது கால் பூட்சு. மண்ணைக் கூடத் துடைக்கல, காஞ்சு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. முன்னால அடைச்ச துணி கூட உள்ளேயே இருக்கு, அவ பழைய சேலைத் துணி.

"அண்ணே, இது உங்க பூட்சு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு அந்த ஆபீசர் மேசையில இதை வைங்க. வச்சிட்டு, அவரு தானா இறங்குனாருன்னு சொல்லுங்க. உங்களால சொல்ல முடிஞ்சா, சரி, நான் நம்பிக்கிடுதேன்"ன்னா.

மச்சான் சொன்னாச் சரின்னு அவர் சொல்லுவாருல்லா, அந்த மாதிரியே சொன்னா சார். அதே இழுவை.

ராத்திரி பூரா எடுத்து எடுத்துப் பாத்தேன். நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன செய்வீங்க? சொல்லுங்க. சும்மா சொல்லுங்க. ஏன் சார் அப்படிப் பாக்கீங்க? நான் என்ன, கொலையா பண்ணிட்டேன்? மண்ணு உதிர்ந்துச்சு சார். நான் போட்டேன், உதிர்ந்துச்சு. உங்ககிட்ட எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன்ல? உங்ககிட்டச் சொன்னதே மனசுக்கு லேசாப் போச்சு. அங்க போயும் இதையேதான் சொல்லணும்னு சட்டமா?

மதுரை வந்திருச்சு போல. கூட்டமா இருக்கு, தள்ளாதீங்கப்பா, இறங்குதேன். வாரேன் சார். ஜன்னலோரம் குடுத்தீங்களே, அதுக்கு நன்றி.

என்ன சார்? கூப்பிட்டீங்களா?

பையா?

இல்ல சார். அது என்னது இல்ல. யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க.